சளி எங்களுடையது, கேள்வி யாருடையது?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடியிருந்த ஓர் அரங்கில் பேசியது. எழுத்துக்குக் கொண்டுவரும்போது பேச்சு நடையை முழுக்கத் திருத்தவில்லை.)

 

என்னைக் கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். நான்தான் தலைப்பை மாத்திக்கிட்டேன். கவிதையைப் பற்றிப் பேச நம்மிடம் ஆள் இருக்கு, போதும் போதும்ங்கிற அளவுக்கு. மாத்திரையைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை.

நான் வங்கியில் எழுத்தர். பதினான்கு வருஷமாகக் கவுண்டர் வேலை. எங்கள் வங்கியில் தினமும் புழங்கும் ஒரு சொல் டிஃபால்ட்டர். தாட்கோவில் கறவை மாட்டுக்குக் கடன் வாங்கி, மாடு செத்துப்போய், தவணை கட்டாமல் விட்டவர் டிஃபால்ட்டர். கோடிக்கணக்கில் வாங்கிய கம்பெனிக்காரன் கட்டாவிட்டால் அதற்குப் பெயர் கடன் மறுசீரமைப்பு. இந்த வித்தியாசம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சொல்லை நான் முதன்முதலில் பார்த்தது வங்கியில் அல்ல. 2006இல், எங்கள் அத்தையின் டி.பி. சிகிச்சை அட்டையில்.

அட்டையில் நோயாளி எந்த வகை என்று குறிக்க வரிசையாகக் கட்டங்கள் போட்டிருந்தார்கள். புது நோயாளி, திரும்ப நோய் வந்தவர் என்று. அதில் ஒன்று, டிஃபால்ட் ஆனபின் சிகிச்சைக்கு வந்தவர். அந்தக் கட்டத்தில் டிக் அடித்திருந்தது. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். தெருவில் இங்கிலீஷ் தெரிந்தவன் என்று என்னிடம்தான் அட்டையைக் கொடுத்து, "இன்னா எழுதியிருக்குது பாருடா" என்றார் அத்தை. நான் சொல்லவில்லை. "ரெண்டாம் தரம் மருந்து குடுக்கிறாங்கன்னு போட்டிருக்குது அத்தே" என்றேன்.

திண்டிவனம் பக்கம் எங்கள் ஊர். ஊர் என்றால் சேரி. அத்தை கரும்பு வெட்டுக்குப் போகிறவர். அப்போது வாரத்தில் மூன்று நாள் மாத்திரை, ஒரு தடவைக்கு ஏழு. மாத்திரை கொடுப்பவர் முன்னால் நின்று விழுங்க வேண்டும். மாத்திரை கொடுக்கும் வீடு ஊர்த்தெருவில் இருந்தது. அத்தை திண்ணைக்குக் கீழே நிற்பார். தண்ணீருக்குச் சொந்தச் செம்பு எடுத்துப் போவார். விடிகாலை கரும்பு வெட்டப் போகிற ஆளுக்கு அந்த வீட்டுக்காரர்கள் எழுந்து கதவைத் திறக்கும் நேரம் ஒத்துவராது. ஒன்றரை மாதம் போனார், அப்புறம் நின்றுவிட்டார். திரும்ப இருமலும் ரத்தமும் வந்து போனபோதுதான் அந்த டிக். இரண்டாம் தரத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் சேர்த்தி. ஊசி போட ஆரம்பித்து கொஞ்ச நாளில், "காதுல வண்டு கத்துதுடா, நடந்தா தரை ஆடுது" என்றார். அதை எழுத அட்டையில் கட்டம் இல்லை.

அந்த வருஷம் ஓர் ஆய்வுக் குழு தெருவுக்கு வந்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. ஜீப்பில் வந்தார்கள், நல்லவர்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். அத்தையிடம் சளி வாங்கினார்கள், எடை பார்த்தார்கள், ஒரு படிவத்தை எடுத்து ஏன் மாத்திரையை நிறுத்தினீர்கள் என்று கேட்டார்கள். பதில்கள் ஏற்கெனவே அச்சடித்திருந்தன. மறதி, பக்கவிளைவு, குணமாகிவிட்டதாக நினைத்தது, குடிப்பழக்கம், மற்றவை. அத்தை சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"வெறும் வயித்துல ஏழு மாத்திரையைப் போட்டா கொடலப் புடுங்குதும்மா. சோறு இருந்தாத்தான் மாத்திரை உள்ள நிக்கும். மாத்திரைய நீங்க குடுக்கிறீங்க, சோறு ஆரு குடுப்பா?"

அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பக்கவிளைவு என்ற கட்டத்தில் டிக் செய்தார்.

பசி எப்படிப் பக்கவிளைவு ஆனது என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். 2008இல் அத்தை இறந்துபோனார். அட்டை என்னிடம்தான் இருக்கிறது.

இனி சென்னைக்கு வருவோம். அத்தையின் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அது சென்னையில் தொடங்குகிறது.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, அன்றைய சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தியவை. இன்று அதுதான் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்தக் காலத்தில் டி.பி. வந்தால் சானடோரியத்தில் படுக்க வேண்டும். நல்ல காற்று, ஓய்வு, முட்டை, பால். தாம்பரத்தில் ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பேர் வருகிற அளவுக்கு அது ஒரு தனி உலகம். ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கையோ கொஞ்சம். ஆகவே ஒரு கேள்வி: வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் குணமாகுமா?

சென்னையின் நெரிசலான, ஏழைக் குடியிருப்புகளிலிருந்து 193 நோயாளிகள். குலுக்கிப் போட்டு பாதிப்பேரை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், மீதிப்பேருக்கு வீட்டிலேயே ஒரு வருஷம் அதே மருந்து. 1959இல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நல்ல பலன், வீட்டில் 86 சதவீதம். வீட்டில் வைத்திருந்ததால் கூட இருந்தவர்களுக்கு அதிகமாக நோய் ஒட்டவும் இல்லை. உலகம் முழுக்க டி.பி. சிகிச்சையை அந்த முடிவு மாற்றியது. சானடோரியங்கள் காலியாயின.

தோழர்களே, இதை நான் குறை சொல்ல எடுக்கவில்லை. சானடோரியத்தில் இடம் கிடைக்கும் அளவுக்கு நமக்கு எந்தக் காலத்திலும் சிபாரிசு இருந்ததில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு வீட்டு வாசலுக்கு மருந்து வந்தது அந்த ஆய்வால்தான். சேரி மனிதர்களின் சளியும் நுரையீரல் படமும் உலகத்துக்கே பாடம் சொன்னது என்பதில் எனக்குப் பெருமைகூட உண்டு. நம் ஆட்களின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை என்பது வேறு விஷயம்.

சிக்கல் சோற்றில்தான் இருக்கிறது. அதே ஆய்வில் சாப்பாட்டையும் அளந்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடை கூடினார்கள். வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு நம்முடைய வழக்கமான சாப்பாடு. ஆனாலும் சளியில் கிருமி மறைந்த கணக்கு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆகவே மருந்து ஒழுங்காகப் போனால் உணவு பெரிய விஷயமில்லை என்று எழுதினார்கள். அவர்கள் கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். கிருமி போகுமா? போகும். ஆனால் கிருமி போன ஆள் எழுந்து கரும்பு வெட்டப் போக முடியுமா? சோறு போட்டால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நோய் வராமல் இருக்குமா? இதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் பாயில் படுத்திருந்தவர்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. பல பத்தாண்டுகள் காசநோய்த் திட்டம் என்றால் மாத்திரைத் திட்டம் என்றே ஆனது.

அந்தக் கேள்வி எப்போது ஆய்வுக்கு வந்தது தெரியுமா? சத்தீஸ்கரில் ஒரு கிராம மருத்துவமனையில் 2004 முதல் 2009 வரை வந்த டி.பி. நோயாளிகளின் எடையைக் கணக்கெடுத்தார்கள். வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் ஆணின் எடை 42 கிலோ, பெண்ணின் எடை 34 கிலோ. வளர்ந்த பெண், 34 கிலோ. அந்த எடையைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காத மருத்துவர்கள்தான் பிறகு சேத்துப்பட்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஜார்க்கண்டில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2019இல் தொடங்கி 2022 வரை, நான்கு மாவட்டங்கள், 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் 10,345 பேர். அந்த 10,345 பேரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சந்தால், ஹோ, முண்டா, ஒராவன், பூமிஜ் மக்கள். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவுப்பை. வீட்டில் இருப்பவர்களில் ஒரு பாதிக்கு மட்டும் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை.

2023 ஆகஸ்டில் முடிவு வந்தது. அரிசி பருப்பு போன வீடுகளில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. சளியில் கிருமி கண்டு உறுதியான நோயை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்குச் சாகும் ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. தடுப்பூசியைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுகிறார்கள் இப்போது, சோற்றைப் பற்றி.

1959க்கும் 2023க்கும் நடுவே 64 வருஷம். எங்கள் அத்தை அந்த இடைவெளியில் செத்தவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோறு நோயைத் தடுக்கும் என்று நிரூபிக்க, சோறு போகாத வீடுகள் பாதி தேவைப்பட்டன. அந்த வீடுகளின் நோயாளிக்குப் பை போனது, பிள்ளைகளுக்குத் தனியாகப் போகவில்லை. ஆய்வு முறை அப்படி. பசித்தவனுக்குச் சோறு போட்டால் நல்லது என்பதற்குச் சான்று கேட்கிற அரசும் அப்படி. அந்த மருத்துவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் இல்லாவிட்டால் இந்தச் சான்றும் கிடைத்திருக்காது. ஆனால் குலுக்கலில் விழாத அந்தப் பாதி வீடுகளை நினைக்காமல் என்னால் அந்த 39 சதவீதத்தைக் கைதட்டி வாங்கிக்கொள்ள முடியவில்லை.

1919இல் சவுத்பரோ குழு முன்னால் பாபாசாகேப் அம்பேத்கர் சாட்சியம் அளித்தார். அப்போது அவருக்கு 27 வயது. வாக்களிப்பவனாக மட்டும் இருந்தால் போதாது, சட்டம் செய்பவனாகவும் இருக்க வேண்டும், இல்லையென்றால் சட்டம் செய்பவன் வாக்களிப்பவனுக்கு எஜமான் ஆவான் என்பது அவர் வாதத்தின் சாரம். ஆய்வுக்கும் அதுதான். சளி கொடுப்பவனாக மட்டும் இருக்கிறவரை, கேள்வி செய்பவன்தான் எஜமான். நமக்கொன்றும் மருத்துவம் அந்நியமில்லை. அயோத்திதாசர் சித்த மருத்துவர். நம் தெருக் கிழவிகள் பார்த்த பிரசவங்களுக்குக் கணக்கில்லை. அறிவு இருந்த இடத்திலிருந்து நம்மை இறக்கி, பரிசோதிக்கும் மேசையில் படுக்க வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

'அவர்கள் ஒப்புக்கொண்டுதானே வந்தார்கள், கையெழுத்து இருக்கிறதே' என்று சொல்வார்கள். கையெழுத்தைப் பற்றி என்னிடம் பேசக்கூடாது. அது என் தொழில்.

2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைச் சுமார் 24,000 சிறுமிகளுக்குப் போட்டார்கள். கம்மத்தில் பலர் பழங்குடிப் பிள்ளைகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். ஏழு பிள்ளைகள் இறந்தார்கள். விசாரணைக் குழு அந்தச் சாவுகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை என்றது. அந்தத் தடுப்பூசி உலகம் முழுக்கப் பெண்களைக் காப்பாற்றுகிற நல்ல மருந்து, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒப்புதல் படிவங்களைப் பற்றி நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். ஆந்திரத்தில் பார்த்த 9,543 படிவங்களில் 1,948 கைநாட்டு. 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர் கையெழுத்து. அப்பா அம்மா இருக்கிற பிள்ளைக்கு வார்டன் ஒப்புதல்.

எங்கள் வங்கியில் ஒரு பாட்டி ஆயிரம் ரூபாய் எடுக்கக் கைநாட்டு வைத்தால் சாட்சி வேண்டும், அதிகாரி நேரில் பார்த்து அத்தாட்சி போட வேண்டும். கடன் பத்திரம் என்றால், அவருக்குத் தெரிந்த மொழியில் படித்துக்காட்டினேன் என்று எழுதி ஒருவர் கையெழுத்திட வேண்டும். பணத்துக்கு இருக்கிற காவல் உடம்புக்கு இல்லை. 2013க்குப் பிறகு, உச்ச நீதிமன்றம் தலையிட்டபின், சில மருந்துச் சோதனைகளில் ஒப்புதல் வாங்குவதை வீடியோ எடுக்க வேண்டும் என்று வந்திருக்கிறது. நல்லது. ஆனால் வீடியோவில் தலையாட்டுவதும் தலையாட்டுவதுதான். கேள்வியைத் தயாரிக்கும் மேசைக்கு நம்மைக் கூப்பிட்டானா என்பதுதான் என் கேள்வி.

என்னைக் கூப்பிட்டார்கள். சொல்லவந்ததே அதைத்தான், இவ்வளவு நேரம் சுற்றிவிட்டேன்.

2019இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, மனிதர்கள் மேல் ஆய்வு நடத்தும் இடங்களின் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். பாதிப்பேர் அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். ஒருவர் சட்டம் தெரிந்தவர், ஒருவர் பெண், ஒருவர் பாமரர். ஆமாம், விதியிலேயே அப்படி ஓர் இடம் இருக்கிறது. எங்கள் கவுண்டருக்கு வந்துபோகிற ஒரு மருத்துவர், "உங்க பேரைக் கொடுக்கலாமா சார்?" என்றார். இரண்டு கவிதைத் தொகுப்பு போட்டதற்கு எனக்கு ஒரு பட்டமும் கிடைக்கவில்லை. பாமரன் என்ற பட்டம் இப்படித்தான் வந்தது.

முதல் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் கட்டு வந்தது. எல்லாம் இங்கிலீஷ். ஒன்பது ஆய்வுகள். நான் பட்டதாரி, வங்கியில் இங்கிலீஷில் சுற்றறிக்கை படிக்கிறவன், எனக்கே பாதி புரியவில்லை. கூட்டத்தில் எல்லோரும் வேகமாகப் புரட்டினார்கள். என் முறை வந்தபோது தலைவர் ஒப்புதல் படிவத்தின் தமிழில் பிழை இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். நான் இரண்டு ஒற்றுப்பிழை சொன்னேன். எல்லோரும் சிரித்து நன்றி சொன்னார்கள். ஒன்பதிலும் கையெழுத்துப் போட்டேன். அதில் ஐந்தை நான் முழுசாகப் படிக்கவில்லை. தோழர்களே, கம்மத்து வார்டனுக்கும் எனக்கும் அன்றைக்கு என்ன வித்தியாசம் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. காபி நன்றாக இருந்தது.

இரண்டாவது கூட்டத்தில் ஒரு கோப்பு வந்தது. விவரம் சொல்ல எனக்கு உரிமையில்லை, ரகசியம் காப்பேன் என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். டி.பி. மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்களைப் பற்றியது என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னிணைப்பில் கேள்விப்படிவம். ஏன் நிறுத்தினீர்கள்? மறதி, பக்கவிளைவு, குணமாகிவிட்டதாக நினைத்தது, குடிப்பழக்கம், மற்றவை. பதினேழு பதினெட்டு வருஷம் கழித்து அதே ஐந்து கட்டம். ஒரு சொல் மட்டும் மாறியிருந்தது. டிஃபால்ட்டர் என்று இல்லை. நோயாளிகள் தரப்பிலிருந்தும் எதிர்ப்பு வந்து, 2013இல் உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல்லை எடுத்துவிட்டது. தொடர்பு விட்டுப்போனவர் என்று இப்போது எழுதுகிறார்கள். சொல் மாறியது கட்டம் மாறவில்லை.

நான் கேட்டேன், "இந்தப் படிவத்தை டி.பி. வந்த யாரிடமாவது காட்டினீர்களா?"

அறையில் ஒரு நிமிஷம் சத்தமில்லை. பிறகு ஒரு பெரியவர், "அப்படிக் காட்டுவது ஆய்வின் நடுநிலையைக் கெடுக்கும்" என்றார். இன்னொருவர், "நீங்கள்தான் பொதுமக்கள் பிரதிநிதி, நீங்கள் பார்த்தால் போதுமே" என்றார். இதுதான் பொறி. எனக்கு டி.பி. வந்ததில்லை. மாசம் பொறந்தா சம்பளம் வருகிறது. சேரியில் பிறந்தேன் என்பதற்காக 34 கிலோ எடையுள்ள பெண்ணுக்குப் பதிலாக நான் பேசிவிட முடியுமா?

அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகள் 1988 அக்டோபரில் மருந்து நிர்வாகத் தலைமையகத்தையே முற்றுகையிட்டார்கள். மருந்தாய்வை எங்களோடு சேர்ந்து வடிவமையுங்கள் என்றார்கள், பிறகு ஆய்வுக் குழுக்களில் இடமும் பிடித்தார்கள். ஆனால் முன்வரிசையில் பலர் படித்த வெள்ளை ஆண்கள். பெண்களுக்கு மட்டும் வருகிற கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயை எய்ட்ஸின் அடையாளங்களில் சேர்க்கப் பெண்கள் தனியாகப் போராடி 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பொதுமக்கள் என்ற சொல்லுக்குள்ளும் ஊர்த்தெரு, சேரித்தெரு உண்டு.

அத்தையின் காது வண்டையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மருந்துக்கு மசியாத டி.பி.க்குப் போட்ட ஊசிகளால் காது போனவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். உயிர் பிழைத்ததே பெரிது, காது போனால் என்ன என்பது வைத்தியர் கணக்கு. கேன்டவர்கள் அதை ஏற்கவில்லை. 2018இல் உலக சுகாதார நிறுவனம் கானமைசின் ஊசி வேண்டாம், மாத்திரை போதும் என்ற பக்கம் வந்தது. அப்படிக் காதை இழந்த இரண்டு பெண்கள், மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமெசா டிசிலேயும், பெடாகுயிலின் மாத்திரைக்குக் காப்புரிமையை நீட்டிக்கக் கூடாது என்று இந்தியாவில் மனுப் போட்டார்கள். 2023 மார்ச்சில் கம்பெனியின் விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. காது கேட்காதவர்கள் சொன்னதை அரசு கேட்க வேண்டி வந்தது.

கோப்புக்கு வருகிறேன். நான் கையெழுத்துப் போடவில்லை. கோப்பு தள்ளிவைக்கப்பட்டது. அந்த ஆய்வைச் செய்ய வந்தவர் சின்ன வயசு டாக்டரம்மா. கூட்டம் முடிந்து வராந்தாவில் என்னிடம், "சார், என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யறேன்" என்றார். குரலில் கோபம் இருந்தது, நியாயம்தான், அவர் படிப்பே அதில் தொங்குகிறது. "உங்க படிவத்தை நான் யாருக்கும் காட்ட முடியாது, நீங்க காட்டலாம். ஒரு ஞாயித்துக்கிழமை எங்க தெருவுக்கு வாங்க" என்றேன்.

வந்தார். டி.பி. வந்து குணமானவர்கள், மருந்தில் இருப்பவர்கள் என்று ஒன்பது பேர் சேர்ந்தார்கள், ஏழு பேர் பெண்கள். முதல் அரைமணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. டாக்டர் வந்தால் கேட்டதற்குப் பதில் சொல்லித்தான் பழக்கம். அவர் படிவத்தைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க ஆராய்ச்சி செஞ்சா என்ன கேப்பீங்க?" என்று கேட்டபிறகுதான் ஆரம்பித்தது. காலை எட்டரைக்கு மேல்தான் மாத்திரை கொடுக்கிறீர்கள், நாங்கள் ஆறு மணிக்கு வேலைக்குப் போகிறோம், அதைக் கேளுங்கள் என்றார் ஒருவர். அரசாங்கம் சாப்பாட்டுக்குக் கொடுக்கிற பணம் (2018இல் மாதம் 500, 2024 நவம்பரிலிருந்து 1,000) சிகிச்சை தொடங்கி எத்தனையாவது மாதம் கணக்கில் ஏறுகிறது என்று கேளுங்கள் என்றார் இன்னொருவர். அது என் துறை, எனக்கே சுருக்கென்றது. கல்யாணம் ஆகாத ஒரு பெண், "வீட்டுக்கு ஆளு தேடி வராதீங்க, வந்தா தெருவுக்கே தெரிஞ்சுபோவுது" என்றாள். கடைசியில் ஒரு ஆயா கேட்டார்: "எழுதி எடுத்துக்கினு போறியே கண்ணு, என்னா தெரிஞ்சுதுன்னு திரும்பி வந்து எங்களுக்கு ஆராச்சும் சொல்லுவீங்களா?"

டாக்டரம்மா இதுவரைக்கும் அப்படிச் சொன்னதில்லை என்றார். பொய் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்தது.

இப்போது அந்தக் கோப்பு மாறி வந்திருக்கிறது. ஐந்து கட்டம் போய், கேள்வி திறந்த கேள்வியாக ஆகியிருக்கிறது. சோறு, வேலை நேரம், மாத்திரை வாங்கும் இடம் மூன்றும் உள்ளே வந்திருக்கின்றன. முடிவைத் தெருவில் வந்து தமிழில் சொல்வதற்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார். டி.பி. வந்த இரண்டு பேரைப் படியோடு ஆலோசகராகச் சேர்க்க வேண்டும் என்பதையும் எழுதியிருக்கிறார். இந்தக் கடைசிதான் தகராறு. படி எதற்கு, பாதிக்கப்பட்டவர் எப்படி ஆலோசகர் ஆவார் என்று கேட்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2017 வழிகாட்டுதலிலேயே நோயாளிகளின் பிரதிநிதியைத் தேவைப்பட்டால் அழைக்கலாம் என்று இருக்கிறது. தேவைப்பட்டால்! அடுத்த மாதக் கூட்டத்தில் இது வருகிறது. நான் அங்கே ஒற்றை ஆள். என்னை எடுத்துவிட்டு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைப் பாமரராகப் போட்டுக்கொள்ளவும் அவர்களால் முடியும்.

ஆகவே இங்கே இருக்கிற மருத்துவ மாணவர்கள், சட்ட மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கல்லூரி நெறிமுறைக் குழுவில் அந்தப் பாமரர் யார் என்று விசாரியுங்கள். பேரைத் தெரிந்துகொண்டு போய்ப் பாருங்கள், கட்டைப் படிக்க அவருக்குத் துணை வேண்டுமா என்று கேளுங்கள். எனக்கு முதல் கூட்டத்தில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் அந்த ஐந்து கையெழுத்து விழுந்திருக்காது.

அப்புறம் எனக்கு ஆட்கள் வேண்டும். டி.பி. வந்து மருந்து சாப்பிட்டவர்கள், அல்லது வீட்டில் அப்படி ஒருவரைப் பார்த்துக்கொண்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். கை தூக்கச் சொல்லமாட்டேன். எதிர்ப்பக்கம் டீக்கடையில் இருக்கிறேன், எட்டரை பஸ் வரைக்கும்.